கூலிப் படகில் ஏறிய பக்தி

"ஓர் இரவுப் பயணம், ஆளில்லாத தீவு, விசா வேண்டாம், படகுக் கட்டணம் மட்டும் போதும்." கச்சத்தீவுத் திருவிழாவைப் பற்றி நம்மவர் பலர் இப்படித்தான் பேசிக்கொள்கின்றனர். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஆள் சேர்ப்பது போலவே இதற்கும் சேர்க்கிறார்கள். புனித அந்தோனியாரின் பெயர் பேச்சின் கடைசியில்தான் வருகிறது. கடலையே வாழ்வாகக் கொண்ட மக்களின் இரவு ஒன்றை நாம் வாடகைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால் சிலருக்குச் சினம் வரும். வரட்டும்.

கச்சத்தீவு 285 ஏக்கர் பரப்புள்ள சிறு நிலம். குடிநீர் இல்லை, குடிமக்கள் இல்லை. வலை உலர்த்தவும் இளைப்பாறவும் அங்கே ஒதுங்கிய தமிழக மீனவர்களுள் ஒருவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தோனியாருக்கு அங்கே ஆலயம் எழுப்பினார் என்பது வழிவழிச் செய்தி. 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவு இலங்கைக்குச் சென்றது. அந்த உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் திருப்பயணிகளும் பயண ஆவணங்களோ விசாவோ இன்றி அங்கே செல்லலாம் என்கிறது. மீனவரும் திருப்பயணியும் ஒரே வாக்கியத்தில் இடம்பெறுவதைக் கவனியுங்கள். அந்நாளில் இருவரும் பெரும்பாலும் ஒருவரே. நாம் பின்னால் வந்து சேர்ந்தவர்கள்.

வெள்ளி மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, இரவில் தேர்பவனி; சனி காலை திருப்பலி; பின்னர்ப் படகேற்றம். யாழ்ப்பாண மறைமாவட்டம் பொறுப்பேற்று நடத்த, சிவகங்கை மறைமாவட்டக் குருக்களும் பங்கேற்கின்றனர். வழிபாட்டில் குறையொன்றுமில்லை. ஆனால் இரண்டு கரைகளின் மக்கள் ஒரே மணலில் படுத்துறங்கும் அந்த ஓர் இரவில், நம்மில் பலர் அக்கரையினரிடம் பேசுவது சோப்பும் தேங்காய் எண்ணெயும் என்ன விலை என்பது மட்டுமே. மற்ற நேரம் கைப்பேசியில் படம் எடுப்பதில் கழிகிறது.

நாம் ஏறிச் செல்லும் படகு வெறும் வாகனமன்று. நம்மை இராமேஸ்வரத்திலிருந்து ஏற்றிச் செல்வன பெரும்பாலும் விசைப்படகுகள். மற்ற நாள்களில் இழுவை மடி இழுப்பவை. அம்மடி கடலடியை வழித்துச் செல்லும். குஞ்சையும் சினையையும் தப்பவிடாது. வழியில் விரித்திருக்கும் அக்கரை மீனவரின் வலைகளையும் கிழித்துப் போகும். போர்க்காலத்தில் பல ஆண்டுகள் கடலுக்குப் போகத் தடைபட்டுக் கிடந்தவர்கள் அவர்கள். போர் முடிந்து கடன் வாங்கி வலை வாங்கியவர்களுக்கு, அந்த வலை ஓர் இரவில் போய்விட்டால் மிஞ்சுவது கடன்தான். 2017இல் இலங்கை அரசு இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. இழந்தவர்கள் தமிழர்கள், அவர்களுள் பலர் நம் விசுவாசத்தினர். இராமேஸ்வரத்தாரையும் இங்கே வில்லராக்க வேண்டாம். இழுவைப் படகை வளர்ச்சியென்று சொல்லி ஊக்குவித்தவை அரசுகளே.

பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது, சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு முதலில் அவனிடம் போ என்றார் ஆண்டவர். மற்ற திருத்தலங்களில் அந்தச் சகோதரனைத் தேடிப் போக வேண்டும். கச்சத்தீவில் அவன் பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறான். அங்கேயும் நாம் மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுத் திரும்பி வருகிறோம்!

2024 பிப்ரவரியில், இலங்கை நீதிமன்றம் படகோட்டிகளுக்குச் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து, இராமேஸ்வரம் மீனவர்கள் திருவிழாவைப் புறக்கணித்தார்கள். படகுகள் புறப்படவில்லை. உள்நாட்டுப் பங்குகளில் அப்போது எழுந்த முணுமுணுப்பு எதைப் பற்றியது? சிறையிலிருந்தவரின் குடும்பத்தைப் பற்றியா? 'பயணம் கெட்டுப் போயிற்றே' என்பதைப் பற்றி. 'பக்தியில் மீன்பிடிச் சண்டையை ஏன் கலக்கிறார்கள்?' என்றும் கேட்டார்கள். உடன் தொழில் செய்பவன் கம்பிக்குப் பின்னால் இருக்க, நமக்காகப் படகெடுக்க வேண்டும் என்று கேட்க நாம் யார்? கட்டணம் கட்டியவன் வாங்கியது உட்கார ஓர் இடம். மீனவனின் துயரத்துக்கு விடுமுறை அன்று. அந்தோனியாரையே பாருங்கள். 1231ஆம் ஆண்டு, தம் வாழ்வின் கடைசி மாதங்களில், பதுவை நகரின் கடனாளிகளுக்காகப் பரிந்து பேசினார். உடைமைகளைக் கொடுத்துத் தீர்த்தவனைக் கடனுக்காகச் சிறையில் வைக்கக் கூடாது என்று நகரச் சட்டமே மாறியது. பிழைப்பின் வழக்கைப் பக்தியில் கலக்கக் கூடாதென்று அவரிடம் யாரேனும் சொல்லியிருந்தால் என்ன விடை வந்திருக்கும்?

புறக்கணிப்பால் இழந்ததும் உண்டு. இரு கரையினரும் முகம் பார்த்திருக்கக் கூடிய ஓர் இரவு வீணாயிற்று. அதற்காக வருந்தியவர்களோடு எனக்குச் சண்டையில்லை. 2025 மார்ச்சில் இராமேஸ்வரம் பக்கத்து மீனவப் பிரதிநிதிகள் வவுனியாவுக்கே சென்று வடமாகாண மீனவரோடு பேசினார்கள். பேசலாம் என்பது அவர்களுக்குத் தெரிகிறது.

ஆகவே, பங்குகளில் ஆள் சேர்ப்போருக்கு ஒன்று சொல்வேன். தீவைக் காணும் ஆசைக்காகப் பெயர் கொடுப்பவர், ஓராண்டு தம் இடத்தைக் கடலில் உறவை இழந்த ஒரு குடும்பத்துக்கு விட்டுக்கொடுக்கட்டும்; கட்டணத்தையும் அவரே கட்டட்டும். போகிறவர்கள், புறப்படுமுன் படகுக்காரரிடம் அவருடைய வழக்கைக் கேட்கட்டும். இறங்கியபின், தேர்பவனிக்கு முன் கிடைக்கும் நேரத்தில், நெடுந்தீவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்திருக்கும் மீனவர் எவரேனும் ஒருவர் அருகில் அமர்ந்து, "உங்கள் வலைக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்கட்டும். சோப்பு அதன்பிறகு வாங்கிக்கொள்ளலாம்.