லெப்டொப்பை அலுமாரியிலிருந்து எடுங்கள்

தோட்டக் கமிட்டிகளுக்கு லெப்டொப் வந்து சேரும் காலம் இது. ஓரிடத்தில் சங்கம் வாங்கிக் கொடுக்கிறது. இன்னோரிடத்தில் வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளை தான் பாவித்த பழையதொன்றைக் கொண்டுவந்து தருகிறது. வந்த அன்று பொட்டு வைத்து, பூப்போட்டுப் படமும் எடுக்கிறோம். அடுத்த வாரம் அது தலைவர் வீட்டு அலுமாரிக்குள் போய்விடுகிறது. அதை இயக்கத் தெரிந்தவன் தோட்டத்தில் ஒரே ஒரு பையன். அவன் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால் லெப்டொப்புக்கும் லீவுதான்.

இது ஒரு தொழிற்சங்கப் பிரச்சினை என்பதே என் கருத்து. சம்பளச் சீட்டுகளைப் படம்பிடித்து அதற்குள்தான் சேர்த்து வைக்கிறோம். சேமலாப நிதிக்காகப் பெயர் திருத்தக் கொடுத்த விண்ணப்பங்களின் பிரதிகளும், துரைக்கு எழுதிய கடிதங்களும் அதற்குள்தான் இருக்கின்றன. தொழில் திணைக்களத்தில் விசாரணை என்று வந்தால் அவைதான் நமது சாட்சி. அந்தச் சாட்சியை எடுக்க ஒரே ஒருவனால்தான் முடியும் என்றால், அது சங்கத்தின் கையில் இல்லை.

கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். தராசு முள்ளைப் பார்க்கத் தெரிந்த பெண்ணிடம் கணக்குப்பிள்ளை அளந்துதான் பேசுவார். தெரியாதவரிடம் கழிவு என்று இரண்டு கிலோ கூடப் போகும். கருவி ஒன்றுதான், அதைத் தெரிந்து வைத்திருப்பவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பயிற்சி வகுப்புகள் நடக்காமல் இல்லை. ஆனால் முதல் நாளே திரையைக் காட்டி “வேர்ட்”, “எக்செல்” என்று தொடங்கிவிடுகிறார்கள். முன் வரிசையில் இருக்கும் பையன்கள் தட்டுகிறார்கள். பின் வரிசையில் மாதர் சங்கத் தலைவிகள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். முதல் நாள் லெப்டொப்பைப் போடவே வேண்டாம் என்கிறேன். மூடியபடியே பாயில் வையுங்கள். சுற்றி உட்கார்ந்து ஒவ்வொருவரும் கையில் எடுத்து, நாலு பக்கமும் திருப்பி, தடவிப் பார்க்கட்டும். கவ்வாத்துக் கத்தியைக் கையில் வாங்கியதும் பிடியையும் கூரையும் பார்க்காமல் யாரும் செடியில் வைப்பதில்லையே.

சார்ஜரில் இருந்து தொடங்கலாம். அதிகம் கெடுவதும் அதிகம் மாறிப்போவதும் அதுதான். அதன் கறுப்புக் கட்டியின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்கும். “இன்புட்” என்ற வரியில் 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் நம்முடைய 230 வோல்ட் கரண்டுக்குச் சரி. “அவுட்புட்” என்ற வரியில் 19 அல்லது 20 என்பதுபோல் ஒரு வோல்ட் எண்ணும், பக்கத்தில் அம்பியர் எண்ணும் இருக்கும். வேறு சார்ஜர் வாங்கும்போது வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும். அம்பியர் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனை நுழைகிறது என்பதற்காக யாருடையதையாவது வாங்கிச் செருகுவதுதான் ஆபத்து. இந்த இரண்டு எண்களையும் கமிட்டிப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். டவுனுக்குப் போகிறவர் அதைப் பார்த்து வாங்கி வரலாம், கடைக்காரர் சொல்வதைக் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

லயத்தில் பல வீடுகளில் இன்னும் உருண்டை முள் பிளக் போடும் பழைய பிளக் பொயின்ட்தான். புதிய சார்ஜர்கள் 13 அம்பியர் சதுர முள்ளோடு வருகின்றன. சதுரத்தை உருண்டையில் எப்படியாவது போட்டுவிடும் வித்தையை எல்லாப் பிள்ளைகளும் பழகி வைத்திருக்கிறார்கள். அதை நிறுத்த வேண்டும். சரியான அடெப்டர் ஒன்று வாங்குவது கமிட்டிக்குப் பெரிய செலவு அல்ல. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். பெட்டரியிலேயே வேலை செய்யலாம்.

அடுத்தது பக்கங்களில் இருக்கும் ஓட்டைகள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் “துறை” என்பார்கள். நாம் ஓட்டை என்றே சொன்னாலும் குற்றமில்லை, எது எதற்கு என்று தெரிந்தால் போதும். நீள்சதுரமாக, உள்ளே ஒரு சிறு நாக்குடன் இருப்பது யூஎஸ்பி. பென் டிரைவ் போடுவது இதில்தான். அது ஒரு பக்கமாக மட்டுமே போகும். போகவில்லை என்றால் திருப்பிப் போடுங்கள், அமுக்கக் கூடாது. அந்த நாக்கு உடைந்தால் அந்த ஓட்டை அதோடு முடிந்தது. ஓரங்கள் வளைந்த சிறிய ஓட்டை டைப் சி. புதிய போன்களில் இருப்பதும் இதுதான்; எப்படித் திருப்பிப் போட்டாலும் போகும். புதிய லெப்டொப்கள் பலவற்றுக்குக் கரண்ட் ஏறுவதும் இந்த வழியில்தான். ஆனால் எல்லா டைப் சி ஓட்டையிலும் ஏறாது. போன் சார்ஜரைப் போட்டுவிட்டு “ஏறவில்லை, கெட்டுவிட்டது” என்று முடிவு கட்டவும் வேண்டாம், அதற்கு அந்தப் பலம் போதாமல் இருக்கலாம்.

கூட்டத்தில் புரொஜெக்டரோடு இணைப்பது எச்டிஎம்ஐ என்ற ஓட்டை. பழைய புரொஜெக்டர் என்றால் 15 துளை கொண்ட நீல நிற விஜிஏ முனை இருக்கும். இப்போது வரும் லெப்டொப்களில் பெரும்பாலும் அது இல்லை. இதை முன்கூட்டிப் பார்க்காமல் கூட்டத்துக்குப் போய், முன்னூறு பேரை உட்கார வைத்துவிட்டு வயர் தேடுவது நமக்குப் பழகிப்போன காட்சி.

விசைப்பலகையில் நான் சொல்ல விரும்புவது மூன்றுதான். பவர் பட்டனை ஒரு தடவை மெதுவாகத் தட்டுவது வேறு, பல செக்கன் அமுக்கிப் பிடிப்பது வேறு. பிடித்தால் பலவந்தமாக அணையும். சேமிக்காத கடிதம் போய்விடும். மேல் வரிசையில் விமானப் படம் போட்ட ஒரு விசை பல லெப்டொப்களில் இருக்கிறது. தெரியாமல் அது தட்டுப்பட்டால் வைஃபை நின்றுவிடும். திரும்பத் தட்டினால் வரும். அதற்காகக் கடைக்குக் கொண்டுபோய்க் காசு கொடுக்க வேண்டியதில்லை. திரைக்கு மேலே இருக்கும் கெமராவுக்குச் சிலவற்றில் சிறு கதவு ஒன்று உண்டு. சூம் கூட்டத்தில் முகம் தெரியவில்லை என்றால் முதலில் அதைத் தள்ளிப் பாருங்கள்.

அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்வதற்கு இரண்டு காரணம். அங்கே வரிவரியாக இருக்கும் துவாரங்கள் வழியாகத்தான் அது மூச்சு விடுகிறது. குளிருக்குக் கம்பளியை விரித்து அதன்மேல் வைத்துப் பாவித்தால் மூச்சு முட்டிச் சூடேறும். அடுப்புப் புகை படியும் காம்பிராவிலும் வைக்கக் கூடாது. ஒரு பலகை போதும். இரண்டாவது, மொடலும் தொடர் இலக்கமும் அங்கேதான் ஒட்டியிருக்கும். அந்த இலக்கம் சங்கத்தின் புத்தகத்தில் இல்லாமல் லெப்டொப்பைத் திருத்தக் கொடுத்தால், திரும்பி வருவது நம்முடையதுதானா என்று எதை வைத்துக் கேட்பது?

“எல்லாரும் தொட்டால் கெட்டுப்போகும்” என்று சில தலைவர்கள் சொல்கிறார்கள். விலை கூடிய சாமான் என்ற பயம் நியாயம்தான். ஆனால் சார்ஜ் இறங்கியபடியே மாதக்கணக்கில் கிடந்தாலும் பெட்டரி பாழாகும். தொடாதே என்ற சொல்லை ஆபீஸில் நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். செக்ரோலைத் தொடாதே என்றார்கள், தராசைத் தொடாதே என்றார்கள். அதே சொல்லைச் சொந்தச் சங்கத்துக்குள் மாதர் சங்கத் தலைவியிடம் நாமே சொல்வது அழகா?

மாவட்டக் காரியாலயங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். லெப்டொப் கொடுக்கும் ஒவ்வொரு கமிட்டிக்கும் ஒரு அடெப்டரும், எடுத்தவர் பெயரும் திகதியும் எழுத ஒரு கொப்பியும் சேர்த்துக் கொடுங்கள். கமிட்டிக்கு மூன்று பேராவது, அதில் இருவர் பெண்களாக, அதைத் தாங்களே போட்டு, இணைத்து, அணைத்துக் காட்டிய பிறகு ஒப்படையுங்கள். அலுமாரிச் சாவியில் ஒன்று மாதர் சங்கத்திடமும் இருக்கட்டும்.