துரையின் தலையில் நெட்டித் தொப்பியா?

நம் கல்லூரி விழாக்களில் கட்டபொம்மன் நாடகத்துக்கு என்றும் பஞ்சமில்லை. கட்டபொம்மனின் மீசைக்கும் தலைப்பாகைக்கும் நாம் எடுத்துக்கொள்ளும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கேனும் ஜாக்சன் துரையின் தலைக்குக் கொடுப்பதுண்டா? பஞ்சு ஒட்டிய டோப்பா. அதன்மேல் தோட்டத் துரைமார் அணிந்த வெள்ளைத் தொப்பி. துரை நுழைந்ததும் அரங்கமே சிரிக்கிறது. சிரிப்பதற்கா அந்தக் காட்சி?

அந்தத் தொப்பி நெட்டியால் ஆனது. தஞ்சைக் கைவினைஞர்கள் பெரிய கோயில் உருவம் செய்கிறார்களே, அதே நீர்த்தாவரம்தான். அது வெள்ளையரிடையே பரவியது 19-ஆம் நூற்றாண்டில். இராமநாதபுரத்தில் ஜாக்சன் கட்டபொம்மனை நிற்கவைத்து விசாரித்ததாகச் சொல்லப்படுவதோ 1798-இல்!

டோப்பாவின் கதையும் இதுவே. பிரெஞ்சு மன்னர் 14-ஆம் லூயி காலத்தில் தோளில் புரண்ட பொய்முடி, 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் காதோரச் சுருளும், பின்னால் கறுப்பு நாடா கட்டிய சிறு சடையுமாகச் சுருங்கிவிட்டது. 1795-இல் முடிக்கு மாவு பூசுவோர் ஆண்டுக்கு ஒரு கினி வரி கட்ட வேண்டும் என்றார் பிரதமர் பிட். பலர் மாவையும் பொய்முடியையும் கைவிட்டனர். பிரிட்டிஷ் படையில் சடை மட்டும் 1808 வரை நீடித்தது. மூன்று முனைத் தொப்பி போய் இருமுனைத் தொப்பி வந்தது. ஆகவே 1751-இல் ஆர்க்காட்டு முற்றுகையில் நின்ற கிளைவின் தலையை, 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட பானர்மேனுக்கு வைக்க இயலாது.

"இதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள்?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வெள்ளையனைக் கோமாளியாக்குவதும் தேசபக்திதான் என்பது அவர்கள் வாதம். எனக்கு உடன்பாடில்லை. கோமாளியை எதிர்க்க ஒரு பாளையக்காரன் உயிரைக் கொடுக்க வேண்டுமா? ஒழுங்காக உடுத்தி, நிதானமாகப் பேசி, தூக்குத் தண்டனை விதிக்கும் துரைதான் அச்சமூட்டுவான்.

செலவைக் காரணம் காட்டுவதும் பொருந்தாது. பழைய பனியன் துணியில் தலைக்கு இறுக்கமாக ஒரு குல்லாய் தைக்க வேண்டும். சணல் நாரைச் சீவி, கொதிநீரில் நனைத்து, மூங்கில் குச்சிகளில் சுற்றி வெயிலில் காயவைத்தால் சுருள் நிற்கும். அக்காலப் பொய்முடிக்காரர்களும் முடியைக் களிமண் குச்சிகளில் சுற்றி வேகவைத்தவர்களே. நாரைப் பிடரியிலிருந்து மேல்நோக்கி வரிசை வரிசையாகத் தைத்தால், மேல்வரிசை கீழ்வரிசைத் தையலை மறைக்கும்; கூரை வேய்வதும் இப்படித்தானே!

தொப்பிக்கு அளவெடுப்பது இதன் பிறகுதான். டோப்பா அணிந்த தலையைச் சுற்றி நாடா பிடிக்க வேண்டும். வெறுந்தலைக்கு அளவெடுத்த தொப்பி, டோப்பாவின் உச்சியில் காக்கைக் கூடாகத் தொற்றி நிற்கும். நாம் ஒவ்வோர் ஆண்டும் காண்பது அதைத்தான். பழைய கம்பளித் துண்டை வட்டமாக வெட்டி, வஜ்ஜிரப் பசையில் விறைப்பாக்கி, கறுப்புச் சாயமேற்றி, விளிம்பை மூன்று பக்கம் தூக்கித் தைத்தால் கிளைவுக்கு. இரண்டு பக்கம் தூக்கினால் பானர்மேனுக்கு.

விலையுயர்ந்த பொய்முடி கலையாதிருக்கத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வதும் அந்நூற்றாண்டின் வழக்கம். தொப்பி சரியாக அமையாத ஆண்டில் நம் கிளைவும் அவ்வாறே இடுக்கிக்கொண்டு நிற்கட்டும். வரலாற்றுத்துறைப் பேராசிரியர்கள்கூடக் குறை சொல்ல மாட்டார்கள்.