கப்பலேறுமுன் பெட்டியை ஒருமுறை திறவுங்கள்



பள்ளி விடுமுறை நெருங்கும்போது இல்லந்தோறும் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. ஊட்டி, கொடைக்கானல் என்றிருந்த பேச்சில் இப்போது உல்லாசக் கப்பலும் இடம்பெற்றுவிட்டது. சிங்கப்பூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் துபாயிலும் குடியேறி வாழும் நம்மவர்கள், ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து மூன்று நான்கு இரவுகள் கடற்பயணம் அழைத்துச் செல்கின்றனர். 2022ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் இத்தகைய கப்பல் புறப்பட்டிருக்கிறது. ஆகவே, கப்பலில் எதை எடுத்துச் செல்லலாகாது என்பதைக் குறித்து இம்மாதம் உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

முதலில் என் இல்லத்தில் நிகழ்ந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு, சிங்கப்பூரில் பணிபுரியும் என் தம்பி எங்கள் தாயாரையும் என்னையும் மூன்று இரவுக் கப்பல் பயணத்திற்கு அழைத்துச் சென்றான். துறைமுக வாயிலிலேயே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொண்டனர். மாலையில் அவை அவரவர் அறை வாசலுக்கு வந்து சேர்ந்தன. எங்கள் பெட்டிகள் அனைத்தும் வந்தன. உம்மாவின் பெட்டி மட்டும் வரவில்லை. சற்று நேரத்தில், கீழ்த்தளத்தில் உள்ள ஓர் அறைக்கு வருமாறு அழைப்பு வந்தது.

அங்கே ஒரு மேசைமீது உம்மாவின் பொருள்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன: இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், ஒரு கட்டு ஊதுபத்தி, பழம் நறுக்கும் நீண்ட கத்தி, வீட்டில் பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சுற்றிலும் அந்நியர்கள் நின்றிருந்தனர். கடமையிலிருந்த இளைஞர் கனிவாகவே பேசினார். கடைசி நாளில் அனைத்தையும் திருப்பித் தருவதாகக் கூறிச் சீட்டும் கொடுத்தார். ஆயினும், எழுபது வயதைக் கடந்த என் தாயாரின் முகம் கறுத்துவிட்டது. திரும்பி வரும் வழியில், "நான் என்ன களவா செய்தேன், வாப்பா? எல்லார் முன்னாலேயும் என் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறார்களே" என்று தம்பியிடம் கேட்டார்கள். அன்றிரவு அவர்கள் சரியாக உண்ணவில்லை.

தவறு தாயாருடையதன்று. கப்பல் நிறுவனம் பயணச்சீட்டோடு அனுப்பியிருந்த பட்டியலை நாங்கள் எவரும் அவர்களுக்குப் படித்துக் காட்டவில்லை. ஒரு மாலைப்பொழுதில் செய்திருக்க வேண்டிய வேலையை நாங்கள் செய்யாததால், வயதான ஒருவர் அந்நியர் முன்னிலையில் தலைகுனிய நேர்ந்தது. இந்தப் பத்தியை எழுதுவதற்கு அதுவே காரணம்.

இனி, இஸ்திரிப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு அச்சம் என்பதைப் பார்ப்போம்.

நம் வீட்டில் தீப்பிடித்தால் தெருவில் இறங்கி நிற்கலாம்; தீயணைப்பு வண்டி வரும்; அண்டை வீட்டார் ஓடி வருவர். நடுக்கடலில் இறங்கி நிற்கத் தெரு இல்லை. கப்பலில் பணிபுரிவோரே தீயணைப்பு வீரர்கள். அங்குள்ள தண்ணீர்க் குழாய்களே அவர்களுடைய கருவிகள். பெரிய கப்பல்களில் பல ஆயிரம் பேர் ஒரே கூரையின்கீழ் உறங்குகின்றனர். மூடிய நடைபாதைகளில் நெருப்பைக் காட்டிலும் புகையே விரைந்து பரவி உயிரைப் பறிக்கிறது.

2006ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் பின்னிரவில், கரீபியக் கடலில் ஜமைக்கா நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'ஸ்டார் பிரின்சஸ்' என்னும் கப்பலில் தீ மூண்டது. அதில் 2,690 பயணிகளும் 1,123 பணியாளர்களும் இருந்தனர். ஓர் அறையின் பால்கனியில் எழுந்த நெருப்பு, பால்கனிகளுக்கு இடையே இருந்த பிளாஸ்டிக் தடுப்புகளையும் அங்கிருந்த நாற்காலிகளையும் பற்றிக்கொண்டு, சில நிமிடங்களில் மேல்தளங்களுக்கும் தாவியது. பயணி ஒருவர் புகையால் உயிரிழந்தார். 79 அறைகள் முற்றிலும் பாழாயின. மேலும் இருநூறுக்கு மேற்பட்ட அறைகள் சேதமுற்றன. எவரோ அணைக்காமல் விட்ட சிகரெட் துண்டே காரணமாக இருக்கக்கூடும் என்று பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுத் துறை முடிவு கூறியது. இதன் விளைவாகச் சர்வதேசக் கடற்பாதுகாப்பு விதிகள் திருத்தப்பட்டு, பால்கனிகளுக்குமான கட்டுப்பாடுகள் 2008 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தன. இன்று பல நிறுவனங்கள் அறைப் பால்கனியில் புகைப்பதையே தடை செய்துவிட்டன.

ஒரு சிகரெட் துண்டு இவ்வளவு செய்யுமாயின், துணிமீது மறந்து வைத்த இஸ்திரிப் பெட்டி என்ன செய்யும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. சூடேற்றும் கருவிகள் பலவும் தடைப் பட்டியலில் இருப்பது இதனால்தான். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், தண்ணீரில் வைத்துச் சூடேற்றும் கம்பிச்சுருள், சிறிய ரைஸ் குக்கர், மின்சார அடுப்பு ஆகியவை பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. நெருப்போடு தொடர்புடைய மெழுகுவர்த்தி, ஊதுபத்தி, சாம்பிராணி, கரி, ஹுக்கா, பட்டாசு ஆகியவற்றையும் வீட்டிலேயே விட்டுச் செல்ல வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்ன பாவம் செய்தது என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்விதான். நம் வீட்டு மின்னிணைப்பில் இரு கம்பிகளுள் ஒன்றில் மட்டுமே மின்னழுத்தம் இருக்கும். மற்றொன்று நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். பல கப்பல்களில் அவ்வாறில்லை. இரு கம்பிகளிலும் மின்னழுத்தம் இருக்கும். வீட்டிற்கென்று செய்யப்பட்ட, மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் அமைப்புடைய பலகைகள் அங்கே மிகுதியாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013ஆம் ஆண்டிலேயே இதுகுறித்து எச்சரிக்கை விடுத்தது. வீட்டில் நமக்குப் பாதுகாப்புத் தரும் கருவியே கப்பலில் ஆபத்தாக மாறுகிறது. இத்தகைய அமைப்பில்லாத சாதாரண நீட்டிப்புக் கம்பியையும் இப்போது பல நிறுவனங்கள் ஏற்பதில்லை.

இரண்டாவது வகை, ஆயுதமும் ஆயுதம் போன்றவையும். துப்பாக்கி முதலியவற்றைச் சொல்லவே வேண்டாம். குழந்தைகளின் பொம்மைத் துப்பாக்கியும் அசல் போலத் தோன்றினால் பறிமுதல் செய்யப்படும். கத்தியைப் பொறுத்தவரை, அலகு நான்கு அங்குலத்திற்குள் இருக்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் வரையறுத்துள்ளன. வேறு சில எந்தக் கத்தியையும் ஏற்பதில்லை. பழம் நறுக்கிக் கொடுக்க உணவுக்கூடத்தில் ஆள் இருக்கும்போது நமக்குக் கத்தி எதற்கு?

மூன்றாவது வகை உணவு. இதில்தான் நம் குடும்பங்கள் பெரிதும் இடர்ப்படுகின்றன. கப்பலில் ஹலால் உணவு கிடைக்குமோ, கிடைக்காதோ என்னும் கவலையால்தான் நம் தாய்மார்கள் கெட்டிலையும் அரிசியையும் பொரித்த இறைச்சியையும் பெட்டியில் அடுக்குகின்றனர். வீட்டில் சமைத்த உணவு, பச்சை இறைச்சி, காய், கனி ஆகியவற்றைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்பதில்லை. கெட்டுப்போன உணவால் ஒருவருக்கு நோய் கண்டால், அடைபட்ட இடத்தில் அது பலருக்கும் பரவும். பழங்களிலும் இறைச்சியிலும் ஒளிந்திருக்கும் கிருமியும் பூச்சியும் இறங்கும் நாட்டின் விளைச்சலையும் கால்நடைகளையும் பாதிக்கும். கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத பிஸ்கட் போன்றவற்றையும் குழந்தை உணவையும் பொதுவாக அனுமதிப்பார்கள். ஹலால் உணவு வேண்டும் என்பதைப் பயணச்சீட்டுப் பதிவு செய்யும்போதே எழுத்துமூலம் தெரிவித்து, பதிலையும் எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள். புறப்படும் நாளில் கேட்பது பயன் தராது. திருப்தியான பதில் வராவிட்டால் வேறு கப்பலைத் தேடுங்கள். பெட்டியில் அடுப்பை ஒளித்து வைப்பது அதற்குத் தீர்வாகாது.

நான்காவது வகையில், கப்பல் விதியோடு கரையின் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. கப்பல் எந்தத் துறைமுகத்தைத் தொடுகிறதோ, அந்நாட்டுச் சட்டம் நம் பெட்டிக்குள்ளும் நுழைந்துவிடும். குருமாவிலும் பிரியாணியிலும் நாம் அரைத்துச் சேர்க்கும் கசகசா, சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள். அது அபினிச் செடியின் விதை என்பதே காரணம். மசாலாப் பொடியோடு ஒரு சிறு பொட்டலம் கசகசாவை அன்போடு கட்டிக் கொடுக்கும் உம்மம்மாவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. நாம்தான் சொல்ல வேண்டும். மின் சிகரெட் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்டுள்ளது. மெல்லும் புகையிலையையும் சூயிங்கத்தையும் சிங்கப்பூருக்குள் கொண்டுசெல்ல முடியாது. செயற்கைக்கோள் தொலைபேசியை உரிய அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம்.

மருந்து தடைப் பொருளன்று. ஆயினும் அதற்கும் ஒழுங்கு உண்டு. மாத்திரைகளை உறையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் கொட்டி எடுத்துச் செல்லாதீர்கள். அசல் உறையும் மருத்துவர் சீட்டும் உடனிருக்கட்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றிற்குச் சில நாடுகளில் முன்னனுமதி வேண்டும். பெரிய பெட்டி அறைக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம் என்பதால், மருந்தையும் பாஸ்போர்ட்டையும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி, மூச்சுக் கருவிக்கு மின்னிணைப்பு, சக்கர நாற்காலி ஆகியவை தேவைப்படுவோர் முன்கூட்டியே தெரிவித்தால், கப்பல் நிர்வாகம் ஏற்பாடு செய்து தரும்.

மறைத்து எடுத்துச் சென்றால் என்ன என்று எண்ணுவோரும் உண்டு. ஒவ்வொரு பெட்டியும் எக்ஸ்ரே கருவியின் வழியாகவே செல்கிறது. சாதாரண வீட்டுப் பொருளாயின் வாங்கி வைத்துக் கடைசி நாளில் தருவர். சட்டவிரோதப் பொருளாயின் காவல்துறையிடம் ஒப்படைப்பர். அப்போது பயணமே முறிந்துபோகும்.

மீண்டும் என் தாயாரிடம் வருகிறேன்.

மறுநாட்காலை உம்மாவை மேல்தளத்திற்கு அழைத்துச் சென்று கடலைப் பார்த்தபடி அமர்ந்தோம். இஸ்திரிப் பெட்டியை ஏன் வாங்கி வைத்தார்கள் என்று தம்பி மெல்ல எடுத்துச் சொன்னான். அவர்கள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, வாப்பாவோடு 'சிதம்பரம்' கப்பலில் பினாங்கு சென்று வந்த நாட்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்கள். ராஜுலா, சிதம்பரம் என்னும் பெயர்களைக் கேட்டால் நம்மவர் இல்லங்களில் இன்றும் மூத்தவர்களின் முகம் மலரும். தமிழகக் கரையையும் மலாயாக் கரையையும் இணைத்து, நம் பாட்டனார், தந்தையர் தலைமுறையைச் சுமந்து சென்ற கப்பல்கள் அவை. அந்தச் சிதம்பரம் 1985ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் கடலில் தீப்பற்றியது. பயணிகள் பலர் மாண்டனர். கப்பல் மீண்டும் சேவைக்குத் திரும்பவில்லை. அந்தத் தீ எதனால் மூண்டது என்பது வேறு செய்தி. ஆனால் அச்செய்தி ஊரை அடைந்த நாளன்று, பயணம் சென்றவர்களின் வீட்டு வாசல்களில் பெண்கள் எவ்வாறு நின்றிருந்தார்கள் என்பதை உம்மா மறக்கவில்லை.

"அந்தக் கப்பலிலும் ஒரு பிள்ளை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டுதானே இருந்திருக்கும்" என்றார்கள். சற்றுக் கழித்து, "கெட்டில் அங்கேயே இருக்கட்டும். போய் ஒரு குவளை சுடுதண்ணீர் கேட்டு வாங்கி வா, வாப்பா" என்று தம்பியை அனுப்பினார்கள். உணவுக்கூடத்தில் ஒரு பிளாஸ்க் நிறையவே கொடுத்தனுப்பினர்.

அன்பர்களே! தடைப் பட்டியலைப் படிக்கும்போது, நம்மை ஐயப்படுகிறார்களே என்று தோன்றுவது இயல்பு. அடுத்த அறையில் உறங்கும் முகமறியாக் குழந்தையின் உயிர் நம்மிடம் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அதே வேளையில், நம் பிள்ளையின் உயிர் அவர்களிடம் இருக்கிறது.

ஆகவே, புறப்படுவதற்கு முந்தைய வாரம் ஒரு மாலை நேரத்தில் குடும்பத்தார் அனைவரும் அமருங்கள். நீங்கள் செல்லும் கப்பலின் பட்டியலை எடுத்து, தமிழில் உரக்கப் படியுங்கள். நிறுவனத்திற்கு நிறுவனம் விதிகள் மாறுபடும் என்பதால் பிறர் சொன்னதை நம்ப வேண்டாம். பிறகு ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பாருங்கள். முதலில் உங்கள் பெட்டியைத் திறவுங்கள். கடைசியாக உம்மாவின் பெட்டியை, அவர்களை அருகில் அமர்த்திக்கொண்டு, அவர்கள் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். எடுத்து வைக்க வேண்டியதை அவர்களே எடுத்து வைக்கட்டும். துறைமுகத்தில் அந்நியர் திறப்பதைவிட, வீட்டில் நம் முன்னிலையில் அவர்களே திறப்பது எவ்வளவு மேல்!

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் மற்றொரு செய்தியோடு சந்திப்போம்.