ஆங்கில வகுப்பில் யாருடைய பண்பாடு?

ஆங்கிலம் கற்பிப்போர் ஆங்கிலேயரின் பண்பாட்டையும் உடன் கற்பித்தே ஆகவேண்டும் என வாதிடுவார் உளர். பாதி உண்மையை முழு உண்மையாக விற்கும் வாதம் இது.

மலேசியப் பள்ளிகளில் ஆங்கிலப் பாடத்திட்டம், ஐரோப்பிய மன்றம் 2001இல் வெளியிட்ட மொழித்தர அளவுகோலுக்கேற்ப மாற்றப்பட்டது. 2018இல் முதலாம் ஆண்டுக்குச் 'சூப்பர் மைண்ட்ஸ்', படிவம் ஒன்றுக்குப் 'பல்ஸ் 2' எனப் பிரிட்டிஷ் பதிப்பகங்களின் நூல்கள் வகுப்பறைக்குள் வந்தன. அவ்வளவுகோல் மொழித்திறனை அளப்பது. எந்நாட்டு வாழ்வைக் கொண்டு அத்திறனை வளர்ப்பது என்று அது கட்டளையிடவில்லை. முழக்கோல் வாங்கச் சென்றவர் துணியையும் அங்கேயே வாங்கி வந்த கதையன்றோ இது?

தமிழ்ப்பள்ளி மாணவி ஆங்கிலத்தில் பேசப்போவது யாரோடு? பெரும்பாலும் இந்நாட்டுச் சீனரோடும் மலாய்க்காரரோடுமே. நான்கு பருவங்களை ஒப்பிக்கும் அவள், நவம்பரில் கிளந்தானை நனைக்கும் பருவமழையை இரண்டு வாக்கியங்களில் சொல்லத் திணறுகிறாள். பொங்கல் பானை பொங்கும்போது வீட்டார் ஏன் குரலெழுப்புகின்றனர் என்று சீனத் தோழி கேட்டால் விழிக்கிறாள். அதற்கான சொற்கள் அவளுக்குத் தரப்படவேயில்லை.

இதற்காக ஆங்கிலேயர் வழக்கங்களை அறவே ஒதுக்குவதும் அறியாமையே. 'சாப்பிட்டீர்களா?' என்பது தமிழரிடையே நலம் விசாரிப்பு. மலாய்க்காரரும் சீனரும்கூட இவ்வாறே கேட்பதால் ஈப்போவில் தொல்லையில்லை. இலண்டனில் அதனை விருந்தழைப்பென்று கொள்ளக்கூடும். தாய் சோறிட்டதற்கு நன்றி சொல்லாத தமிழ்ப் பிள்ளை பண்பற்றவனல்லன். ஆங்கிலேயர் மேசையிலோ உப்பை நகர்த்தித் தந்தாலும் நன்றி சொல்லவேண்டும். பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரையும் 'அங்கிள்' என்னும் ஒரே சொல் விழுங்கிவிடுகிறது. அம்மூவர்க்குமுள்ள வேறுபாட்டை ஆங்கிலத்திலேயே விளக்குமாறு பணிக்கும் ஆசிரியர், ஒரே பாடவேளையில் இரு பண்பாடுகளைக் கற்பிக்கிறார். தந்தையின் தமையன், தாயின் உடன்பிறந்தவர் என விரித்துரைக்கையில் உடைமைப் பொருளுக்குரிய இலக்கணமும் பயிற்சியாகிவிடும்.

தமிழர் வாழ்வு ஆங்கிலத்துக்குள் அடங்காது என்பார்க்குக் கே. எஸ். மணியம் 1981இல் வெளியிட்ட 'த ரிட்டர்ன்' நாவலே மறுப்பு. தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலப் பள்ளிக்கு மாறும் சிறுவனின் தடுமாற்றம் அதில் உண்டு. தொடக்கப்பள்ளிக்கு அந்நாவல் மிகுதிதான். எனினும், அத்தகைய எழுத்திலிருந்து சிறுவர்க்கேற்ற பாடங்களை ஆக்கும் பயிற்சியை ஆசிரியர் கல்விக் கழகங்கள் அளிக்கலாகாதா?

பனிமனிதனுக்கு வண்ணம் தீட்டும் நேரத்தில், வாசலில் தாய் இட்ட கோலத்தைப் பற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொல்லலாம். அவற்றைத் திருத்துதற்கு அயல்நாட்டு நூலின் விடைக்குறிப்பு உதவாது. சிலர்க்கு அதுவே இடையூறு.