குறுக்கெழுத்தும் கூகுளும்: எப்போது உதவி கேட்கலாம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய ஒருவருக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுப்பது என்ன? "எது தெரியாவிட்டாலும் கூகுளில் போட்டுப் பாருங்கள், வந்துவிடும்" என்பதுதான். என் அப்பாவுக்கு நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன். அதனால் அவருடைய முப்பது வருடப் பழக்கம் மூன்றே வாரத்தில் நின்றுபோனது.

எங்கள் ஊர் கண்டமங்கலம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது. அப்பா விழுப்புரத்தில் ஒரு வங்கியில் கிளார்க்காக இருந்தவர். காலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் 'தி இந்து' ஆங்கில நாளிதழை நாலாக மடித்து, குறுக்கெழுத்துப் புதிர் மேலே தெரிகிற மாதிரி தொடையில் வைத்துக்கொள்வார். வளவனூரில் ஒரு நண்பர் ஏறுவார். அவருக்கு அப்பாவை விட நன்றாக வரும். ஆனால் விடையைச் சொல்லவே மாட்டார். "சார், அந்த ரெண்டாவது வார்த்தையை உடைச்சுப் பாருங்க" என்பதோடு சரி. விழுப்புரம் வருவதற்குள் பாதி கட்டம் நிரம்பினால் அன்று அப்பாவுக்கு நல்ல நாள். மீதி விடைகள் மறுநாள் பேப்பரில் வரும்.

இந்தப் புதிர் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் ஆர்தர் வின் வெளியிட்டதுதான் நவீனக் குறுக்கெழுத்தின் தொடக்கம் என்பார்கள். அதில் நேரடியான கேள்விகள். நம் ஞாயிறு இணைப்புகளில் வருவதும் பெரும்பாலும் அந்த வகைதான். தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் யாரிடமாவது கேட்க வேண்டியதுதான்.

'தி இந்து' புதிர் வேறு வகை. அதில் ஒவ்வொரு குறிப்பும் ஒரு பொடிவைத்த வாக்கியம். குறிப்பின் தொடக்கத்தில் அல்லது முடிவில் விடையின் பொருள் இருக்கும். மிச்சச் சொற்களில் விடையைக் கட்டும் வழி இருக்கும். தமிழிலும் இந்த வகைப் புதிர்கள் உண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் இப்படிப்பட்ட தமிழ்ப் புதிர்களை அமைத்திருக்கிறார்.

உதாரணத்துக்கு நானே மூன்று குறிப்புகள் செய்து பார்த்தேன். அடைப்புக்குறியில் இருப்பது எழுத்துகளின் எண்ணிக்கை.

ஏழாம் மாத வளைகாப்பில் ஒளிந்துகொண்டு கத்துவது (3).

நிறையக் கரங்களா? உட்காரவும் எழுதவும் உதவும் (3).

கடிதம் தொடங்கியதும் முளைப்பது பாரதி எழுதியது (3).

முதல் குறிப்பைப் படித்ததும் வளையலும் கட்டுச்சோறும் கண்முன் வரும். அதுதான் பொறி. "மாத வளைகாப்பில்" என்ற எழுத்துகளை மட்டும் பாருங்கள். உள்ளே "தவளை" உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவதில் நிறைய என்றால் "பல", கரம் என்றால் "கை". சேர்த்தால் "பலகை". மூன்றாவதை விட்டுவிடுகிறேன். கீழே படிப்பதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள்.

இந்த வகைக் குறிப்புக்கு ஒரு குணம் உண்டு. விடை கிடைத்த நொடியே அது சரி என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை கொடுத்துப் பார்த்தால் கணக்கு நேராகிவிடும். வேறு யாரும் வந்து டிக் அடிக்க வேண்டாம். இதன் ருசி முழுவதும் அந்த நொடியில்தான்.

அப்பா போன வருடம் ஓய்வு பெற்றார். பஸ் இல்லை, வளவனூர் நண்பரும் இல்லை. வீட்டில் தனியாகப் பேப்பரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். குறிப்பை அப்படியே டைப் செய்து தேடுவது எப்படி, தெரிந்த எழுத்துகளைக் கொடுத்தால் பொருந்தும் சொற்களைப் பட்டியல் போடும் தளங்கள் எவை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து காட்டினேன். மறுநாளே முழுக் கட்டத்தையும் முடித்துவிட்டு சென்னைக்கு போன் செய்தார். எனக்கு ஒரே பெருமை.

மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போனபோது பேப்பர் மடிக்காமல் கிடந்தது. "ஏம்ப்பா, புதிர் போடலையா?" என்றேன். "தினமும்தான் முடியுதே, அப்புறம் எதுக்குடா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "முடிக்கிறது நான் இல்லையே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. காலையில் ஒரு மணி நேரம் அவரைப் பிடித்து வைத்திருந்த ஒன்றை, உதவி என்ற பெயரில் நானே எடுத்துவிட்டேன்.

அப்படியானால் யாரிடமும் எதையும் கேட்கக் கூடாதா? அதுவும் தப்பு. இதை நான் வேலையில் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

படிப்பு முடித்துச் சேர்ந்த முதல் வேலை. ஒரு விண்ணப்பப் படிவத்தில் ஊர்ப் பெயரைத் தமிழில் டைப் செய்தால் அச்சில் தவறாக வருகிறது என்று புகார். என் ஊரையே போட்டுப் பார்த்தேன். "கண்டமங்கலம" என்று வந்தது, கடைசி எழுத்தின் புள்ளியைக் காணோம். விழுப்புரமும் "விழுப்புரம" ஆகிவிட்டது. திண்டிவனம் மட்டும் ஒழுங்காக வந்தது. புள்ளிதானே போகிறது, ஃபாண்ட் கோளாறு என்று முடிவு செய்தேன். ஃபாண்டை மாற்றினேன், பிரிண்டரை மாற்றினேன், பிரவுசரை மாற்றினேன். மறுநாள் அதே மூன்றையும் வேறு வரிசையில் மாற்றினேன். மூன்றாம் நாளும் அதேதான். கேட்டால் "இது கூடத் தெரியாதா" என்பார்களோ என்று பயம்.

மூன்றாம் நாள் மாலை சீனியர் ஒருவர் தானாகவே வந்து என் ஸ்கிரீனைப் பார்த்தார். ஒரே கேள்வி கேட்டார்: "திண்டிவனம் மட்டும் ஏன் சரியா வருது?"

பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டேன். கம்ப்யூட்டர் தமிழை நாம் எண்ணுவது போல எண்ணுவதில்லை. நமக்கு "ம்" ஓர் எழுத்து. யூனிகோடில் அது "ம" ஒன்று, புள்ளி ஒன்று, ஆக இரண்டு குறிகள். "வி" என்பதும் அப்படியே இரண்டு. கண்டமங்கலம் நமக்கு 8 எழுத்து, யூனிகோடில் 11 குறி. விழுப்புரம் நமக்கு 6, அங்கே அதற்கும் 11. திண்டிவனமும் நமக்கு 6தான், ஆனால் 10 குறி. யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் வேண்டும். அந்தப் படிவத்தில் ஊர்ப் பெயருக்கு ஒதுக்கியிருந்தது 30 பைட். திண்டிவனம் கச்சிதமாக உட்கார்ந்தது. மற்ற இரண்டுக்கும் 33 தேவை. கடைசிக் குறியான புள்ளி வெளியே விழுந்துவிட்டது. ஃபாண்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முதல் நாள் நான் செய்ததில் தப்பில்லை. மூன்று புது வழிகளை முயன்றேன், ஃபாண்ட் பற்றிக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அன்று மாலையே கேட்டிருக்க வேண்டும். அடுத்த இரண்டு நாளும் நான் சிக்கலைத் தீர்க்கவில்லை, ஒரே தவறான பார்வையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

குறுக்கெழுத்துக்கும் நான் வைத்திருக்கும் அளவு இதுதான். குறிப்பை ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் ஏதாவது புதிதாகத் தோன்றுகிறதா? அதுவரை யாரிடமும் போகாதீர்கள். வளைகாப்பு என்றதும் வளையல், பிறகு சீமந்தம், பிறகு குழந்தை என்று மனம் ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் இன்னும் வேலையில் இருக்கிறீர்கள். பத்தாவது தடவையும் வளையல்தான் தெரிகிறது என்றால் பேப்பரை மூடிவிட்டுச் சாப்பிடப் போங்கள். திரும்பி வந்தும் வளையல்தான் என்றால் கேளுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்து அரை மணி, ஒரு மணி என்று கெடு வைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒருவர் அரை மணியில் பத்து வழி பார்ப்பார், இன்னொருவர் மூன்று நாளில் ஒரே வழியைப் பார்ப்பார், என்னைப் போல.

எதைக் கேட்பது என்பதும் முக்கியம். "விடை என்ன?" என்று கேட்டால் ஒரு சொல் கிடைக்கும், அந்தக் கட்டம் நிரம்பும், நாளைய புதிரில் அது உதவாது. "இதில் பொருள் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா?" என்று கேளுங்கள். "ஒளிந்துகொண்டு என்ற சொல்லுக்கு என்ன வேலை?" என்று கேளுங்கள். வளவனூர் நண்பர் சொன்னதும் என் சீனியர் கேட்டதும் இந்த வகைதான்.

கம்ப்யூட்டரிடமும் இப்படிக் கேட்க முடியும். இணையத்தில் போடும் பல குறுக்கெழுத்துகளில் இரண்டு பட்டன்கள் இருக்கும். ஒன்று நீங்கள் எழுதியது சரியா என்று மட்டும் சொல்லும், மற்றொன்று விடையையே காட்டிவிடும். முதல் பட்டனைத் தாராளமாகக் கிளிக் செய்யுங்கள். இரண்டாவதை ஒருநாள் கழித்து. அகராதி பார்ப்பதை நான் காப்பியடிப்பதாகவே நினைப்பதில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன் முழுவதும் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நீங்களாகக் கட்டிய ஒரு சொல் உண்மையிலேயே இருக்கிறதா என்று அதில் சரிபார்க்கலாம்.

தமிழ்ச் சொற்களை எழுத்து எண்ணிக்கை கொடுத்துத் தேடும்போது மட்டும் கவனம். குறுக்கெழுத்தில் "ம்" ஒரே கட்டம், "கொ" ஒரே கட்டம். ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதிய புரோகிராம், குறிகளை எண்ணி, எட்டெழுத்துச் சொல்லைப் பதினோரெழுத்து என்று ஒதுக்கிவிடும். என் படிவத்தில் நடந்த அதே கூத்துதான். தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்துக் கொடுக்க 'ஓப்பன் தமிழ்' போன்ற இலவச நிரல் தொகுப்புகள் இருக்கின்றன. புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ளும் வாசகர்கள் அதை ஒருமுறை முயன்று பார்க்கலாம். இப்போது எல்லோரும் பேசும் ஏஐ சாட்பாட்டுகளும் தமிழ் எழுத்து எண்ணிக்கையில் சில சமயம் தடுமாறுகின்றன. தப்பான சொல்லையும் அவை தயங்காமல் சொல்லும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். குறிப்பின் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு சொல் சும்மா நின்றால் விடை தப்பு.

இந்தக் கணக்கெல்லாம் பரிசுக்காகப் போடும் போட்டிகளுக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். ஒரே கட்டத்துக்கு இரண்டு சொற்கள் பொருந்த, எது என்று ஊகித்துக் கட்டணம் கட்டி அனுப்பும் போட்டிகள் நம் நாட்டில் ஒரு காலத்தில் இருந்தன. 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம் குறுக்கெழுத்துப் போட்டியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, மாதத்துக்கு 1000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றது. திறமையால் பெரிதும் தீர்மானமாகும் போட்டிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊகமும் திறமையும் வேறு வேறு என்று நீதிமன்றமே பிரித்துச் சொன்ன விளையாட்டு இது.

மூன்றாவது குறிப்பை மறந்துவிடவில்லையே? கடிதம் தொடங்குவது "க"வில். முளைப்பது "விதை".

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். லேப்டாப்பைத் திரும்ப வாங்கிவிடவில்லை. அந்தத் தளங்களை மட்டும் அவரே அழித்துவிட்டார். இரவு எட்டரைக்கு போன் வரும். ஒரு குறிப்பை வாசித்து, தான் எதையெல்லாம் யோசித்தார் என்று சொல்வார். எனக்கும் பெரும்பாலும் தெரியாது. தெரிந்தால் எந்தச் சொல்லை உடைக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் இருவருக்கும் பிடிபடாவிட்டால் மறுநாள் பேப்பர் வரும்வரை காத்திருப்பது. முழுக் கட்டம் நிரம்புவது இப்போது வாரத்தில் ஒருநாள்தான். பேப்பர் மறுபடி நாலாக மடிகிறது. வளவனூர் நண்பரின் நம்பரையும் எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறார்.

போன வாரம் அப்பாவே ஒரு குறிப்பு செய்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். லேப்டாப்பில் தமிழ் டைப்பிங் பழகிவிட்டார், எழுத்து எண்ணிக்கையும் சரியாகப் போட்டிருந்தார்.

பார்த்த சுபம் நம்ம பஸ் நிறுத்தம் (8).

எனக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. விடை இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது.