தோண்டியவர்கள் மூடிவிட்டுப் போகட்டும்

சென்னையில் ஒரு தெருவைத் தோண்டுவதற்கு முன்பே அதை மூடுவதற்கான காசு கைமாறுகிறது. மின்வாரியமோ, குடிநீர் வாரியமோ, இணைய நிறுவனமோ, யாராக இருந்தாலும் மாநகராட்சியில் அனுமதி வாங்கி, சாலை வெட்டுக் கட்டணம் கட்டிய பிறகுதான் கடப்பாரையை இறக்க வேண்டும் என்பது நடைமுறை. வெட்டிய சாலையைச் சீரமைக்கத்தான் அந்தக் கட்டணம். எனவே நம் குடியிருப்பில் கேபிள் பள்ளம் மாதக்கணக்கில் வாய் பிளந்து கிடக்கும்போது, 'நிதி இல்லை' என்று எந்த அதிகாரி சொன்னாலும் நம்பாதீர்கள் தோழர்களே. காசு யாரிடம் போனது என்று கேளுங்கள்.

பள்ளம் மூடுவது பெரிய வித்தை இல்லை. மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, நீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். அதன்மேல் ஜல்லி, அதன்மேல் தார். தோண்டிய மண்ணை அப்படியே உள்ளே தள்ளிவிட்டுப் போனால் முதல் மழையிலேயே அது உள்வாங்கிவிடும். பூங்காவின் புல்தரையைத் தோண்டினால் புல்லைப் பத்தை பத்தையாகப் பெயர்த்து வைத்து, திரும்பப் பதித்து, வேர் பிடிக்கும்வரை நீர் ஊற்றவும் இவர்களுக்குத் தெரியும். அந்த வேலையைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களில் நம் மக்களும் இருக்கிறார்கள். ஊரார் தெருவைச் செப்பனிட்டுவிட்டு, மாலையில் தம் தெருவின் பள்ளத்தைத் தாண்டி வீட்டுக்குப் போகிறார்கள்.

'பள்ளத்தில் என்ன சாதி?' என்று கேட்பார்கள். எந்தத் தெருவிலிருந்து தொலைபேசி வந்தால் பொறியாளர் ஓடி வருகிறார், எந்தத் தெருவின் மனு கிடப்பில் போகிறது என்று பாருங்கள். நகரின் நடுவே வாழ்ந்த உழைக்கும் மக்களை வேரோடு பிடுங்கி கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் குவித்தார்களே, அவர்களில் பெரும்பகுதி யார் என்று பாருங்கள். பதில் அங்கே இருக்கிறது.

1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், படித்துறையோடு சாலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சாதியின் பெயரால் யாரையும் அங்கிருந்து தடுக்கக் கூடாது என்கிறது. இன்று நம்மை நடக்காதே என்று யாரும் பலகை வைப்பதில்லை. நடக்க முடியாத நிலையில் தெருவை விட்டுவிடுகிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரும், கர்ப்பிணியும், இரவுப் பணி முடிந்து வரும் தூய்மைப் பணியாளரும் அதன் விலையைக் கொடுக்கிறார்கள்.

ஒருவழியாகச் சாலை போட வந்தாலும் ஆபத்து தீர்வதில்லை. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச்சாலை போட வேண்டும், சாலை மட்டம் உயரக் கூடாது என்று தலைமைச் செயலாளர் 2021 மே மாதமே உத்தரவிட்டார். சுரண்டாமல் மேலே மேலே போட்டால் தெரு ஏறும், வீடு தாழும். ஐப்பசி மழையில் சாக்கடை வாசற்படி தாண்டி உள்ளே வரும்.

இனி மனு எழுதிக் கெஞ்ச வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்போம். நம் தெருவை வெட்ட யாருக்கு, எந்தத் தேதியில் அனுமதி தரப்பட்டது? எவ்வளவு நீளம்? எவ்வளவு கட்டணம் பெறப்பட்டது? சீரமைப்புக்கான பில் யாருக்கு வழங்கப்பட்டது? 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தச் சட்டத்தின் 2(ஒ) போன்ற உட்பிரிவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். ஆவணங்களை மட்டுமல்ல, நடக்கும் வேலையையே நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியை எடுக்கவும் அது நமக்கு உரிமை தருகிறது. போட்ட ஜல்லியையும் தாரையும் கையில் எடுத்துக் கேட்கலாம்.

கல்லூரித் தோழர்களே, இந்த வாரம் உங்கள் தெருவின் பள்ளங்களை நாடா பிடித்து அளந்து, தேதியோடு படமெடுங்கள். பக்கத்து ஊர்த்தெருவையும் அதேபோல் அளந்து இரண்டையும் அருகருகே வையுங்கள். வார்டு கூட்டத்தில் அந்தத் தாளை நீட்டுவோம்.

ஜெய் பீம்!