டயரின் விலையும் அதன் ஆயுளும்

நமது கலாசாலை வாயிலினுட் புகும் மோட்டார் சைக்கிள்களை எண்ணத் தொடங்குவோர் விரைவிற் சலிப்படைவர். அவற்றை ஓட்டிவரும் மாணவ நண்பர்கள், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குத் தம் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடுமென்பதைக் கேளாமலே சொல்லுவர். டயர் எத்தனை கிலோமீட்டர் உழைக்குமென்று வினவினாலோ வாளாவிருப்பர். குற்றம் அவர்களுடையதன்று. அதனை அறிதற்கு அவர்கட்கு வழியில்லை.

நம் நாட்டு மோட்டார் வாகன விதிகள் (1989), இருசக்கர வண்டியின் டயர்ப் பள்ளம் 0.8 மில்லிமீட்டரினும் குறையலாகாதென்கின்றன. தேய்வைக் காட்டுதற்கென்றே பள்ளத்தினடியிற் சிறு மேடுகள் உள. அம்மேடு வீதியைத் தொட்ட பின்னரும், "இன்னும் ஒரு மாதம் ஓடும்" என்று காலங்கடத்துவோர் பலர். யாமும் அக்கூட்டத்தினரே. சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் மாலை பிரேக்கை அழுத்த, பின்சக்கரம் வழுக்க, யாம் வீதியில் வீழ்ந்தோம். முழங்கைக் காயத்தோடு போயிற்று. பின்னே லாரி யாதும் வாராமையே காரணம்.

மறுநாள் டயர்க் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் மூன்று டயர்களை எடுத்துவைத்து அவற்றின் விலைகளைத் தடையின்றிக் கூறினார். உழைப்பைக் கேட்டபோது, "எல்லாம் ஓட்டுவதைப் பொறுத்தது, ஐயா" என்று முடித்துவிட்டார். அது பொய்யன்று. எஞ்சினின் இழுவையைத் தாங்கும் பின்சக்கரம் முன்சக்கரத்தினும் விரைந்து தேயும். காற்றுக் குறைந்த டயர் சூடேறி அழியும். பாரமும் வேகமும் வீதியும் தத்தம் பங்கைக் கொள்ளும். ஆயினும், ஒரே வீதியில் ஒருவரே ஓட்டினும் ஒரு டயர் மற்றொன்றினும் நெடிதுழைக்குமன்றோ?

ரூபாய் 1,800 விலையுள்ள டயர் 15,000 கிலோமீட்டரும், 2,600 விலையுள்ளது 26,000 கிலோமீட்டரும் உழைப்பதாகக் கொள்வோம். முன்னதற்குக் கிலோமீட்டருக்கு 12 பைசா. பின்னதற்கு 10 பைசா. மலிவென்று கொண்டதே விலை மிக்கதாயிற்று. 2025 செப்டம்பரில் மோட்டார் சைக்கிள் டயர் மீதான வரி நூற்றுக்கு 28இலிருந்து 18 ஆகியபோது யாவரும் மகிழ்ந்தோம். விலை சிறிது அசையினும் செவிக்கெட்டுகின்றது. ஆயுள் பாதியாகக் குறையினும் அறிவாரில்லை.

அமெரிக்க நாட்டிற் பயணிகள் காரின் டயரில் தேய்மான எண் பொறித்தல் வேண்டுமென்பது சட்டம். ஒப்புக்குரிய டயரை 100 எனக் கொண்டால், 200 எனப் பொறித்தது சோதனைப் பாதையில் அதனினும் இருமடங்கு உழைப்பது. ஈரத் தளத்திற் பற்றும் திறனுக்கு வேறோர் எழுத்துக் குறியுமுண்டு. அங்கும் மோட்டார் சைக்கிள் டயர் அவ்விதிக்கு உட்பட்டதன்று! நாற்சக்கரத்தில் அமர்ந்தோர்க்குள்ள அறிவிப்பு, இருசக்கரத்தில் உயிரைத் தாங்கிச் செல்வோர்க்கு ஏன் மறுக்கப்படுகின்றதென்பது எமக்கு விளங்கவில்லை.

எண்ணோடு எழுத்தும் வேண்டுமென்பதை வற்புறுத்துவோம். ரப்பர்க் கலவை கடினமாயின் மெல்லத் தேயும். ஆனால் பொதுவாக மழையில் வழுக்கும். நடுவிற் கடினமும் ஓரங்களில் மென்மையுமாகச் சில டயர்களைச் செய்வதும் இதுபற்றியே. ஆயுளை மட்டும் கேட்போமாயின், ஆலையார் ஆயுளை மட்டுமே தருவர்.

டயரிற் பொறிக்க இடமில்லையென்று எவரும் கூறார். அளவும், சுமையும், வேகமும், செய்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கங்களும் அதன் பக்கத்தில் முன்னரே உள்ளன. இன்னும் ஓர் எண்ணுக்கும் ஓர் எழுத்துக்கும் அங்கு இடமுண்டு.